ஓர் அட்டை, ஒரு மனிதர்

இருபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாள் மாலை, என் கணினித் திரையில் தெரிந்த அட்டவணை ஒன்று என்னைத் திகைக்க வைத்தது. ஒரு கிராமத்தின் 180 குடும்பங்களிடம் நிலம், கூலி, கடன், குழந்தைகளின் படிப்பு ஆகியவற்றைக் கேட்டுத் தொகுத்திருந்தேன். பத்து ஏக்கர் நிலமும் பம்புசெட்டும் வைத்திருந்தோருக்குக் கடனே இல்லை. ஒரு சென்ட் நிலம்கூட இல்லாத கூலித் தொழிலாளர்களோ லட்சக்கணக்கில் வங்கிக் கடன் பெற்றிருந்தனர். பொருளாதாரம் படித்தவனுக்கு எதற்கும் ஒரு விளக்கம் கிடைத்துவிடும். கடன் திட்டங்கள் அடித்தட்டு மக்களைச் சென்றடைந்துவிட்டன என்பதற்கு இது சான்று என்று இரண்டு பக்கம் எழுதியும் முடித்துவிட்டேன்.

மறுநாள் காலையில்தான் உண்மை விளங்கியது. பெருங்கடன் எவ்வளவு என்று பார்ப்பதற்காகக் கடன் என்ற நெடுவரிசையை மட்டும் இறங்கு வரிசையில் அடுக்கியிருந்தேன். மற்றவை இருந்த இடத்திலேயே இருந்தன. நாங்கள் முதலில் கணக்கெடுத்தது நிலமற்றோர் தெரு. எனவே, ஊரின் பெருங்கடன்கள் அனைத்தும் அந்தத் தெருவின் தலையில் ஏறிவிட்டன. அப்படியே கோப்பைச் சேமித்தும் வைத்துவிட்டேன்.

இத்தவறில் அச்சமூட்டும் ஒன்று உண்டு. கூட்டிப் பார்த்தால் மொத்தக் கடன் மாறவில்லை, சராசரி மாறவில்லை, மிகப்பெரிய தொகையும் மிகச்சிறிய தொகையும் மாறவில்லை. வழக்கமாக நாம் செய்யும் எந்தச் சரிபார்ப்பிலும் பிழை அகப்படாது. ஒவ்வோர் எண்ணும் உண்மை; ஆனால், எந்த எண் யாருடையது என்பது மட்டும் பொய். இரும்பு அலமாரியில் இருந்த வினாப் படிவங்களை எடுத்து, ஒவ்வொரு குடும்பமாக மீண்டும் ஒப்பிட்டுச் சரிசெய்ய ஒன்பது நாள்கள் ஆயின. எழுதிய இரண்டு பக்கங்களைக் கிழித்தெறிந்தேன்.

கணினி மொழி கற்கும் மாணவர்களுக்கு இது தொடக்கப் பாடம் என்று பின்னர் அறிந்தேன். பெயர்கள் ஒரு பட்டியல், வயதுகள் ஒரு பட்டியல், ஊதியங்கள் ஒரு பட்டியல் என்று தனித்தனியே வைத்துக்கொண்டு, ஒன்றை மட்டும் வரிசைப்படுத்தினால் மற்றவற்றுடன் அதற்குள்ள தொடர்பு அறுந்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒருவருக்குரிய விவரங்கள் அனைத்தையும் ஒரே கட்டாகக் கட்டி, அந்தக் கட்டுகளை வரிசைப்படுத்துவது ஒன்று. விவரங்களைத் தொடாமல், வரிசை எண்களை மட்டும் முதலில் அடுக்கி, அந்த எண்களின் வரிசைப்படியே எல்லாப் பட்டியல்களையும் ஒருசேர மாற்றியமைப்பது மற்றொன்று.

இவற்றில் முதல் வழியைக் கணினி தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒரு பொறியாளர் கையாண்டார். அவர் ஹெர்மன் ஹோலரித். ஐ.பி.எம். நிறுவனத்தின் முன்னோடி என்று வணிக வரலாற்றிலும், துளையட்டையைக் கொண்டுவந்தவர் என்று கணினி வரலாற்றிலும் அவருக்கு இடம் உண்டு. புள்ளிவிவரங்களோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு அவர் முக்கியமாகத் தோன்றுவது வேறொரு காரணத்துக்காக. கோடிக்கணக்கான மனிதர்களை எத்தனை முறை கலைத்து அடுக்கினாலும், ஒருவருடைய வயது அவரைவிட்டு விலகாமல் பார்த்துக்கொண்டவர் அவர்.

ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலுள்ள பஃபலோ நகரில் 1860-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் தேதி ஹோலரித் பிறந்தார். ஆங்கில எழுத்துக்கூட்டல் அவருக்குக் கசப்பான பாடம். அந்த வகுப்பிலிருந்து தப்ப அவர் பள்ளியின் ஜன்னல் வழியே குதித்து ஓடினார் என்றொரு கதை சொல்லப்படுவதுண்டு. கொலம்பியா கல்லூரியின் சுரங்கப் பொறியியல் பிரிவில் 1879-ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். அவருடைய பேராசிரியர் வில்லியம் டிரோபிரிட்ஜ், 1880-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பணியில் அவரைச் சேர்த்துவிட்டார். சுரங்கம் படித்த இளைஞர் புள்ளிவிவரத் துறைக்குள் நுழைந்தது இப்படித்தான்.

அந்தக் கணக்கெடுப்புக்குத் தலைமை ஏற்றிருந்தவர் பிரான்சிஸ் வாக்கர். ஊதியக் கோட்பாடு படித்த பொருளாதார மாணவர்களுக்கு இந்தப் பெயர் நினைவிருக்கும். ஐந்து கோடி மக்களின் விவரங்கள் படிவங்களில் வந்து குவிந்தன. எழுத்தர்கள் அவற்றைப் பார்த்து, பெரிய தாள்களில் கோடு போட்டுப் போட்டு எண்ணினார்கள். ஆண்கள் எத்தனை பேர் என்று எண்ண ஒருமுறை படிவங்களைப் புரட்ட வேண்டும். வேறோர் அட்டவணை வேண்டுமென்றால் மீண்டும் புரட்ட வேண்டும். வெளிநாட்டில் பிறந்த, முப்பது வயதுக்கு உட்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எழுத்தர்கள் திணறிப் போவார்கள். முழு அறிக்கைகளும் வெளிவர ஏழாண்டுகளுக்கும் மேலாயிற்று. ஒரு கணக்கெடுப்பை முடிக்குமுன் அடுத்தது வந்துவிடும் நிலை.

ஹோலரித்தின் வாழ்வைத் திருப்பியவர் ஜான் ஷா பில்லிங்ஸ் என்ற மருத்துவர். பிறப்பு - இறப்புப் புள்ளிவிவரங்களை அவர் கவனித்து வந்தார். ஒருநாள் தம் வீட்டில் இரவு உணவின்போது, இந்த எண்ணும் வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் இருக்க வேண்டும் என்று அவர் இளைஞரிடம் கூறினார். அந்த யோசனையில் பங்குபெற ஹோலரித் பின்னர் அழைத்தபோது, சிக்கல் தீர்ந்தால் போதும், தமக்கு வேறெதுவும் வேண்டாம் என்று பில்லிங்ஸ் விலகிக்கொண்டார். அந்த உரையாடலைத் தம் முதுமையிலும் ஹோலரித் மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்.

எம்.ஐ.டி.யில் ஓராண்டு ஆசிரியப் பணி, பிறகு வாஷிங்டனில் காப்புரிமை அலுவலகத்தில் சில காலம் என்று நாள்கள் நகர்ந்தன. 1884-ஆம் ஆண்டு ஹோலரித் தம் முதல் காப்புரிமை விண்ணப்பத்தை அளித்தார். அப்போது அவர் எண்ணியது அட்டையை அன்று. நீண்ட காகித நாடாவை. ஒருவரின் விவரங்களுக்கு ஏற்ப நாடாவில் குறுக்காகத் துளையிட்டு, அடுத்தவருக்கு அதன்பின் துளையிட்டுக்கொண்டே போவது. எண்ணுவதற்கு அது போதும். ஆனால், நாடாவில் உள்ளவர்களைப் பிரித்து அடுக்க முடியாது. அயர்லாந்தில் பிறந்தவர்களை மட்டும் தனியே எடுக்க வேண்டுமென்றால், மைல் கணக்கான நாடாவை முழுவதும் ஓட்டியாக வேண்டும்.

இதற்கு விடை ரயில் பயணத்தில் கிடைத்தது. அக்காலத்து அமெரிக்க ரயில்களில், ஒருவர் சீட்டை மற்றவர் பயன்படுத்தாதிருக்க, பயணியின் தலைமுடி, கண்நிறம், மூக்கின் அளவு ஆகியவற்றை நடத்துநர் சீட்டின் ஓரத்தில் துளையிட்டுக் குறிப்பது உண்டு. ஒரு சீட்டு, ஒரு பயணி, அவரைப் பற்றிய சில துளைகள். ஹோலரித் நாடாவைக் கைவிட்டு அட்டைக்கு மாறினார். ஆளுக்கோர் அட்டை என்றானதும் ஒரு மனிதரின் விவரங்கள் அனைத்தும் ஒரே பொருளாகிவிட்டன. பால், வயது, பிறந்த இடம், தொழில் ஆகிய பல பட்டியல்கள் அங்கே தனித்தனியாக இல்லை. வயதை வைத்து அட்டைகளை அடுக்கினால் தொழிலும் கூடவே போகும். பிறந்த இடத்தை வைத்துக் கலைத்தால் வயதும் கூடவே வரும். இருபது ஆண்டுகளுக்கு முன் நான் செய்த தவறை இந்த அட்டைகளைக் கொண்டு செய்ய நினைத்தாலும் செய்ய முடியாது.

பால்டிமோர் நகரின் இறப்புப் புள்ளிவிவரங்களில் முதலில் இம்முறையைச் சோதித்தார். 1889-ஆம் ஆண்டு, வரவிருந்த கணக்கெடுப்புக்கு எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று ஒரு போட்டி நடந்தது. செயிண்ட் லூயிஸ் பகுதியைச் சேர்ந்த சுமார் 10,500 பேரின் படிவங்கள் மூவரிடம் தரப்பட்டன. வண்ணச் சீட்டுகளைக் கையாண்டவர் ஒருவர், சிறு அட்டைத் துண்டுகளைக் கையாண்டவர் ஒருவர், மூன்றாமவர் ஹோலரித். விவரங்களை மாற்றிப் பதிய மற்ற இருவருக்கும் முறையே ஏறத்தாழ 144 மணி நேரமும் 110 மணி நேரமும் ஆயின. ஹோலரித்துக்கு 72 மணி நேரம். பதிந்தவற்றை அட்டவணையாக்க அவர்களுக்கு முறையே 55 மணி, 44 மணி என்றானது. இவருக்கோ ஐந்தரை மணி நேரமே ஆனது.

1890-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் அவருடைய இயந்திரங்கள் இயங்கிய விதம் எளியது. எழுத்தர் ஓர் அட்டையை அச்சகத்தில் அழுத்துவதுபோல் ஊசிகளுக்கு அடியில் வைத்து அழுத்துவார். துளை உள்ள இடத்தில் மட்டும் ஊசி இறங்கி, கீழே குழியில் உள்ள பாதரசத்தைத் தொடும். மின்சுற்று முழுமையாகி, அதற்குரிய முகப்பில் முள் ஓர் எண் நகரும். மணி ஒலித்தால் அட்டை சரியாகப் பதிவாயிற்று என்று பொருள். ஒலிக்காவிட்டால் துளையில் ஏதோ பிழை. அதே நேரத்தில் அருகிலுள்ள பெட்டியின் பல அறைகளில் ஒன்றின் மூடி மட்டும் தானே திறக்கும். எழுத்தர் அட்டையை அதில் போட்டு மூட வேண்டும். எண்ணுவதும் பிரிப்பதும் ஒரே அசைவில் முடிந்தன. களைத்துப்போன எழுத்தர்கள் குழியிலிருந்த பாதரசத்தை ரகசியமாக உறிஞ்சி எடுத்துவிட்டு, இயந்திரம் பழுதென்று ஓய்வெடுத்தார்கள் என்று சொல்வதுண்டு. அதையும் மனித இயல்பு என்றே கொள்ள வேண்டும்.

அட்டையில் இன்னொரு நுட்பமும் இருந்தது. எந்தக் கணக்கெடுப்பு வட்டாரத்தைச் சேர்ந்தவர் என்பதும் அதில் துளையாகப் பதிந்திருந்தது. ஐயம் எழுந்தால் அட்டையிலிருந்து அந்த வட்டாரத்தின் படிவத்துக்குத் திரும்பிச் செல்ல முடியும். என் இரும்பு அலமாரி எனக்கு உதவியதும் இப்படித்தான்.

சில வாரங்களிலேயே மக்கள்தொகை 6.26 கோடி என்று தெரிந்துவிட்டது. நாட்டின் பெருமைக்கு இது போதாது என்று கருதிய நாளேடுகள் இயந்திரத்தையே குறை கூறின. காலம் மிச்சமானது உண்மை. ஆனால், 1890-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின் மொத்தச் செலவு முந்தையதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. எண்ணுவது எளிதானதும், கேட்கப்படும் கேள்விகளும் கோரப்படும் அட்டவணைகளும் பெருகின. ஒரு பணியின் செலவு குறைந்தால் அதற்கான தேவை கூடும் என்ற பொருளியல் விதிக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் வகுப்பில் தந்ததில்லை. அதே ஆண்டில் கொலம்பியா அவருக்கு முனைவர் பட்டம் அளித்தது. லூசியா டால்காட்டை அவர் மணந்ததும் அதே ஆண்டில்தான்.

கனடா, ஆஸ்திரியா, பிறகு 1897-ஆம் ஆண்டு ரஷியா என்று கணக்கெடுப்புகள் அவர் முறையை ஏற்றன. ஆனால், பத்தாண்டுகளுக்கு ஒருமுறை வரும் வேலையை நம்பி ஒரு தொழில் நடத்த முடியாது. 1896-ஆம் ஆண்டு தம் பெயரில் அல்லாமல் டேபுலேட்டிங் மெஷின் கம்பெனி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். நியூயார்க் சென்ட்ரல் ரயில்வேயின் சரக்குக் கணக்குகளுக்கு, தலைகளை எண்ணும் இயந்திரம் போதவில்லை. தொகைகளைக் கூட்டவும் வேண்டியிருந்தது. அதற்கும் வழி செய்தார். இயந்திரங்களை அவர் விற்கவில்லை, வாடகைக்கு விட்டார். அட்டைகளையும் தம்மிடமே வாங்கச் செய்தார். இன்றைய மென்பொருள் நிறுவனங்களின் சந்தா முறைக்கு அவர் முன்னோடி என்றே சொல்லலாம்.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் அட்டைகளைத் தானே பிரிக்கும் வரிசைப்பொறி வந்தது. ஒரு நேரத்தில் ஓர் இலக்கத்தை மட்டுமே பார்த்து அது அட்டைகளைப் பிரிக்கும். வட்டாரவாரியாகவும், ஒவ்வொரு வட்டாரத்துக்குள் வயதுவாரியாகவும் அடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முதலில் வட்டாரத்தைப் பிரித்து, பிறகு ஒவ்வொரு குவியலையும் வயதால் பிரிக்கவே யாருக்கும் தோன்றும். அப்படிச் செய்தால் மேசை முழுவதும் குவியல்கள் பெருகிவிடும். அனுபவப்பட்ட இயக்குநர்கள் தலைகீழாகச் செய்தார்கள். முதலில் வயதின் ஒன்றாம் இலக்கம், பிறகு பத்தாம் இலக்கம், கடைசியில்தான் வட்டாரம். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய வரிசை கலையாமல் அட்டைகளைச் சேர்த்துக்கொண்டே வந்தால், இறுதியில் எல்லாம் உரிய இடத்தில் இருக்கும். சமமானவர்களின் முந்தைய வரிசையைக் குலைக்காதே என்ற இந்த விதி, இன்றைய கணினியியலிலும் பல பட்டியல்களை ஒருங்கே அடுக்குவோர் மறக்கக் கூடாத விதியாக நீடிக்கிறது.

ஹோலரித் எளிதில் ஒத்துப்போகும் மனிதர் அல்லர். வாடகை குறித்து கணக்கெடுப்புத் துறையுடன் மோதல் முற்றியது. 1900-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின் இயக்குநராக இருந்தவர், பதவி விலகியபின் ஹோலரித் நிறுவனத்தின் தலைவரானதும் பேச்சுக்கு இடமளித்தது. அடுத்து வந்த இயக்குநர் நார்த் விலையை ஏற்கவில்லை. 1905-ஆம் ஆண்டு ஹோலரித் தம் இயந்திரங்களைத் திரும்பப் பெற்றார். துறையோ ஜேம்ஸ் பவர்ஸ் என்பவரைக் கொண்டு சொந்த இயந்திரங்களை உருவாக்கி, 1910-ஆம் ஆண்டு கணக்கெடுப்பை நடத்தியது. நீதிமன்றத்தை நாடியும் ஹோலரித்துக்குப் பயனில்லை. தம் ஏகபோகத்தின் வலிமையை மிகையாக மதிப்பிட்டவர், தமக்கான போட்டியாளரைத் தாமே உருவாக்கிக்கொண்டார்.

1911-ஆம் ஆண்டு வேறு சில நிறுவனங்களுடன் அவருடைய நிறுவனம் இணைக்கப்பட்டது. அவர் பங்குக்கு 12 லட்சம் டாலர் கிடைத்தது. 1914-ஆம் ஆண்டு அதன் பொறுப்புக்கு வந்த தாமஸ் வாட்சன், 1924-ஆம் ஆண்டு அதற்கு ஐ.பி.எம். என்று பெயரிட்டார். 1921 வரை ஆலோசகராக இருந்த ஹோலரித், பின்னர் பண்ணையும் பசுக்களுமாக ஒதுங்கினார். 1929-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி வாஷிங்டனில் மாரடைப்பால் காலமானார்.

அவர் இறந்தபின் நடந்தவற்றையும் சொல்லாவிட்டால் இக்கட்டுரை நேர்மையானதாக இராது. 1933-ஆம் ஆண்டு, ஹிட்லர் ஆட்சியின் கணக்கெடுப்பில் ஐ.பி.எம்.மின் ஜெர்மானியக் கிளை நிறுவனத்தின் அட்டைகள் பயன்பட்டன. மதத்துக்கு அதில் ஓர் இடம் இருந்தது. யூதர்கள் எங்கே, எந்தத் தொழிலில் இருக்கிறார்கள் என்பதைப் பிரித்தெடுக்க முடிந்தது. 1939-ஆம் ஆண்டு கணக்கெடுப்பில் தாத்தா, பாட்டிகளின் இனம்வரை தனிப் படிவத்தில் கேட்கப்பட்டது. பிற்காலக் கொடுமைகளில் இந்த அட்டைகளின் பங்கு எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்காவும் இதில் தூய்மையானதன்று. 1942-ஆம் ஆண்டு ஜப்பானிய வம்சாவளியினரை வீடுகளிலிருந்து அகற்றியபோது, அவர்கள் எந்தப் பகுதிகளில் வாழ்கிறார்கள் என்ற விவரத்தைக் கணக்கெடுப்புத் துறை அளித்தது. ஒரு மனிதரின் விவரங்களைப் பிரியாமல் காத்த அதே அட்டை, அந்த மனிதரையே கூட்டத்திலிருந்து பிரித்தெடுக்கவும் உதவும்.

மற்றொரு செய்தி என் மனத்தை உறுத்துவது. 1921-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் ஏற்பட்ட தீயில், 1890-ஆம் ஆண்டு கணக்கெடுப்பின் மூலப் படிவங்கள் பெரும்பாலும் பாழாயின. எஞ்சியவையும் 1930-களில் அரசு அனுமதியுடன் அழிக்கப்பட்டன. ஹோலரித்தின் இயந்திரம் எண்ணிய மொத்தங்கள் நம்மிடம் உள்ளன. எண்ணப்பட்ட மனிதர்கள் ஏறக்குறைய எவரும் இல்லை. தம் முன்னோரைத் தேடும் அமெரிக்கக் குடும்பங்களுக்கு அந்த ஆண்டு இன்றும் ஒரு வெற்றிடம். அந்த அட்டவணைகளில் ஐயம் எழுந்தால், திறந்து பார்க்க ஓர் இரும்பு அலமாரி இனி இல்லை.

நம் நாட்டில் 1901-ஆம் ஆண்டு கணக்கெடுப்பிலேயே ஆளுக்கொரு சீட்டு எழுதிக் கையால் பிரிக்கும் முறை வந்துவிட்டது. 2027-ஆம் ஆண்டு கணக்கெடுப்பு எண்ம முறையில் நடைபெறும் என்றும், அதில் சாதி விவரமும் கேட்கப்படும் என்றும் அரசு அறிவித்துள்ளது. முதியோர் ஓய்வூதியம் முதல் கல்வி உதவித்தொகை வரை எத்தனையோ பட்டியல்கள் அன்றாடம் ஒன்றோடொன்று இணைக்கப்படுகின்றன. பெயர்ப் பட்டியலுக்கும் வங்கிக் கணக்குப் பட்டியலுக்கும் இடையே ஒரு வரி நழுவினால், மொத்தத் தொகை சரியாகவே இருக்கும். ஒரு மூதாட்டியின் பணம் மட்டும் வேறொருவருக்குப் போய்ச் சேரும். தணிக்கையில் கணக்கு நேராகும். அவர் அலுவலக வாசலில் நின்றுகொண்டிருப்பார்.

ஆகவே, புள்ளிவிவரங்களைக் கையாளும் இளைஞர்களிடம் நான் வேண்டுவது மூன்று. எதை வரிசைப்படுத்தினாலும் முழு மனிதரையும் சேர்த்தே நகர்த்துங்கள். திரும்பிப் பார்ப்பதற்கு மூலத்தைக் காத்து வையுங்கள். அந்த வரிசை யாருடைய கையில், எதற்காகப் போகிறது என்று ஒருமுறை கேளுங்கள். முதலாவதை ஹோலரித் தம் அட்டையால் செய்து காட்டினார். இரண்டாவதும் மூன்றாவதும் இயந்திரத்தால் ஆகக்கூடியவை அல்ல. அந்த 180 படிவங்கள் இன்றும் என் வீட்டில் இருக்கின்றன. காகிதம் பழுத்துவிட்டது, எழுத்து இன்னும் தெரிகிறது.